பாஸ்வேர்டு யார் கையில் இருக்கு? விவசாயி அடையாள எண்ணும் டெல்டாவின் கேள்வியும்

ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும். போன் அதிரும். ஊரிலிருந்து அப்பா. "தம்பி, உனக்கு ஒரு நம்பர் வந்திருக்காம், சொல்லு." பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்கும்: "சீக்கிரம் கேளுங்கய்யா, டைம் முடிஞ்சிடும்." வெளியே வந்து மெசேஜைத் திறந்தால் 6 இலக்க எண். நீங்கள் சொல்ல, அப்பா அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, முகாமில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர் தட்டுவார். வேலை முடிந்தது. 'இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்' என்று அதே மெசேஜில் எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்ப்பீர்கள்.

2025-ல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் சொந்தபந்தம் உள்ள பலருக்கு இந்த போன் வந்திருக்கும். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு நடந்த நேரம் அது. அப்பாவின் ஆதாரோடு இணைத்திருப்பது பிள்ளையின் செல்போன் எண். அதனால் நெல் வயல் இருப்பது ஒரத்தநாட்டில், ஓடிபி வருவது சென்னைக்கு.

இந்த எண் பற்றி இணையத்தில் இரண்டு தரப்பு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறது. 'ஆதாரை இணைச்சாதான் மோசடி ஒழியும்' என்கிறது ஒன்று. 'இது விவசாயியைக் கண்காணிக்கிற வேலை' என்கிறது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் நிஜமாகவே நடந்த ஒரு மோசடியை எடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டு தரப்பும் சரியாகக் கேட்காத ஒரு கேள்வி மிஞ்சுகிறது.

முதலில், இந்த எண் எதுக்கு?

2024 செப்டம்பர் 2-ம் தேதி, டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு ரூ.2,817 கோடி. அதன் அடித்தளம் 'அக்ரிஸ்டாக்'. இதில் மூன்று பதிவேடுகள் இருக்கின்றன. விவசாயிகள் பற்றியது ஒன்று, கிராமத்தின் நில வரைபடம் ஒன்று, எந்த வயலில் எந்தப் பயிர் என்பது இன்னொன்று. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கோத்தால், 'இந்த ஆள், இந்த சர்வே எண்ணில், இந்தப் பருவத்தில் நெல் போட்டிருக்கார்' என்பது ஒரே திரையில் தெரியும்.

அந்தக் கோப்புக்கான எண்தான் 11 இலக்க விவசாயி அடையாள எண். நாடு முழுக்க 11 கோடி விவசாயிகளுக்கு மூன்றாண்டுகளில் இதைக் கொடுப்பது இலக்கு. பயிர்க் கடன், காப்பீடு, ஆதரவு விலைக் கொள்முதல் எல்லாவற்றுக்கும் இதுவே போதும், ஒவ்வொரு முறையும் சிட்டா நகல் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்பது அரசு சொல்லும் பயன். தமிழ்நாட்டில் கிராமம் கிராமமாக முகாம் போட்டார்கள். பொதுச் சேவை மையங்களிலும் இலவசமாகப் பதியலாம் என்றார்கள். பி.எம். கிசான் தவணை தொடர்ந்து வர வேண்டுமானால் இந்த எண் வேண்டும் என்ற அறிவிப்பும் வந்ததால் கூட்டம் சேர்ந்தது. கடைசித் தேதி பல முறை தள்ளிப் போனது.

பயன் உண்மையானதுதான். நவம்பர் 15 நெருங்கும்போது, சம்பா பயிருக்குக் காப்பீடு கட்ட இ-சேவை மைய வாசலில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் என்று பையோடு நிற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரே எண்ணில் வேலை முடியும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

2020-ல் என்ன நடந்தது?

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணையாக, நேராக வங்கிக் கணக்குக்கு. இடைத்தரகர் இல்லை, கமிஷன் இல்லை என்பதுதான் இதன் பெருமையே.

2020 ஆகஸ்ட் மாதம் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்து விசித்திரமான செய்திகள் வந்தன. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் கணக்கில் ரூ.2,000 விழுந்திருந்தது. பணம் வந்தவர்களில் பலருக்கே அது விவசாயிக்கான பணம் என்று தெரியாது. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் வாங்கியிருக்கிறார்கள், அதில் ஒரு பங்கைக் கமிஷனாகவும் பிடித்திருக்கிறார்கள் என்று அப்போது செய்திகள் வெளியாகின. ஊரடங்கு காலம், வேலை இல்லை, கையில் காசு இல்லை. யாராவது பணம் வரும் என்றால் நகலைக் கொடுக்காமல் இருப்பார்களா?

விசாரணை சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய வேளாண் அமைச்சர் நாடாளுமன்றத்தில் கொடுத்த பதிலில் கணக்கு வெளிவந்தது. தமிழ்நாட்டில் சரிபார்க்கப்பட்ட கணக்குகள் 5.95 லட்சம். அதில் தகுதி இல்லாதவர்கள் 5.38 லட்சம். அதாவது பத்தில் ஒன்பது பேர். 13 மாவட்டங்களில் வழக்கு. அதுவரை 52 பேர் கைது. திரும்ப வசூலானது ரூ.61 கோடி. ஒப்பந்த ஊழியர்கள் 96 பேர் வேலையை இழந்தார்கள்.

அதே பதிலில் இன்னொரு வரி இருந்தது. அதிகம் பேசப்படாத வரி. பாஸ்வேர்டைத் தவறாகப் பயன்படுத்தியதில் தொடர்புடைய 34 அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை; பாஸ்வேர்டைப் பாதுகாப்பாக வைக்கத் தவறியதற்காக 3 வட்டார அதிகாரிகளும் 5 உதவி வேளாண் அலுவலர்களும் சஸ்பெண்ட்.

ரஷ்யாவிலிருந்து யாரும் ஹேக் செய்யவில்லை. வைரஸ் எதுவும் இல்லை. விண்ணப்பத்தைச் சரிபார்த்து 'சரி' என்று அமுக்க வேண்டிய அதிகாரியின் பாஸ்வேர்டு, அமுக்கக் கூடாதவர்கள் கைக்குப் போனது. அவ்வளவுதான்.

ஆதார் இருந்தும் எப்படி நடந்தது?

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். 2020-ல் பணம் வாங்கிய 5.38 லட்சம் பேரும் பெரும்பாலும் நிஜமான மனிதர்கள். நிஜமான ஆதார். நிஜமான வங்கிக் கணக்கு. யாரும் யாருடைய விரல் ரேகையையும் போலியாகச் செய்யவில்லை.

பொய்யாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: 'இவர் நிலம் உள்ள விவசாயி' என்ற சான்று. அதை ஆதார் சொல்லாது. ஆதாருக்குப் பதில் தெரிந்த கேள்வி, 'நீ யார்?' என்பது மட்டும். 'உனக்குத் தகுதி இருக்கா?' என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது அலுவலகம். ஓட்டை விழுந்தது அங்கே.

கண்டுபிடிக்க உதவக்கூடிய வழி ஒன்றும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. பி.எம். கிசான் பயனாளிகள் பட்டியலை கிராம வாரியாக யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஊரில் யாருக்கு நிலம் இருக்கு, யாருக்கு இல்லை என்று ஊர்க்காரனுக்குத் தெரியாதா? பெயர்ப் பட்டியல் வெளியே இருப்பது மோசடியைத் தடுக்கும். ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் வெளியே போவது மோசடியை வளர்க்கும். இரண்டையும் 'டேட்டா' என்ற ஒரே வார்த்தையில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதம் வீணாகப் போகிறது.

பூட்டு யார் பக்கம் போட்டார்கள்?

மோசடிக்குப் பிறகு விதிகள் இறுகின. 2022-ல் இ-கேஒய்சி கட்டாயமானது. ஓடிபி, விரல் ரேகை, 2023 ஜூன் முதல் செயலியில் முகம் காட்டியும் செய்யலாம் என்று வந்தது. நில ஆவணத்தோடு இணைப்பதும் சேர்ந்தது. இதில் நில ஆவண இணைப்பு, 2020 ஓட்டைக்கு நேரடியான அடைப்பு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலமே இல்லாதவரை இனி அவ்வளவு சுலபமாக உள்ளே தள்ள முடியாது.

ஆனால் மக்கள் கண்ணில் பட்ட மாற்றமெல்லாம் விவசாயி பக்கம்தான். அவர் விரலை வைக்க வேண்டும், ரேகை தேய்ந்திருந்தால் மறுபடி வைக்க வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும், ஓடிபி சொல்ல வேண்டும். ஒப்புதல் கொடுக்கும் அதிகாரியின் லாகின் எப்படிக் காக்கப்படுகிறது, ஒரே வட்டாரத்தில் திடீரென்று ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் ஏறினால் யாருக்கு மணி அடிக்கும் என்பதெல்லாம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. தவறு நடந்தது கவுன்டருக்கு உள்ளே. வரிசையில் நிற்பவரைத்தான் திரும்பத் திரும்பச் சோதிக்கிறோம்.

இதற்கு ஒரு பக்க விளைவும் இருக்கிறது. அடையாள எண் பதிவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓடிபி வரும். அதில் ஒன்று மின்னணுக் கையெழுத்துக்கானது. நீங்கள் மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து படித்துச் சொன்ன எண்ணால், அப்பா ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருந்தது? அவர் படிக்கவில்லை. நீங்களும் படிக்கவில்லை. தட்டியவருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார்.

முகாமில் ஓடிபியைச் சத்தமாகச் சொல்வது அரசு வேலை முடிவதற்கான வழி என்று பழக்கிவிட்டோம். நாளைக்கு, 'பி.எம். கிசான் ஆபீசிலேருந்து பேசுறோம், ஒரு நம்பர் வரும் சொல்லுங்க' என்று ஒருவன் கூப்பிட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்? அரசு பழக்கிய பழக்கத்தைத்தான் அவன் பயன்படுத்துகிறான். பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் போலி செயலிகள் சுற்றுவதாக 2024-ல் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு எச்சரித்தது. இந்த மாதிரி ஏபிகே ஃபைலைத் தட்டி இன்ஸ்டால் செய்தால் போனுக்கு வரும் மெசேஜ்களை அதுவே படித்துக்கொள்ளும். பிறகு ஓடிபியைக் கேட்கக்கூடத் தேவையில்லை.

சேமித்து வைத்த இடமாவது பத்திரமா?

இதிலும் நம் அனுபவம் நல்லதாக இல்லை. 2021 ஜூன் மாதம், தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் 49 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் ஆதார் எண்ணோடு ஒரு ஹேக்கர் தளத்தில் வந்திருப்பதாக பெங்களூருவைச் சேர்ந்த சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று சொன்னது. 2022-ல் பி.எம். கிசான் இணையதளத்தின் ஒரு பகுதியிலேயே விவசாயிகளின் ஆதார் எண்கள் வெளியே தெரியும் நிலையில் இருந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். அந்தத் திட்டத்தில் அப்போது இருந்தவர்கள் சுமார் 11 கோடி பேர். அவர் ஜனவரியில் அரசின் கணினி அவசரநிலை அமைப்புக்குத் தெரிவித்தார். ஓட்டை அடைக்கப்பட்டது மே மாதக் கடைசியில்.

அந்த நான்கு மாதத்தில் யார் எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள்? எண் வெளியே போன எந்த விவசாயிக்கும் 'உங்க விவரம் கசிஞ்சிருக்கலாம், ஜாக்கிரதை' என்று ஒரு மெசேஜாவது போயிருக்க வேண்டாமா?

டெல்டாவின் கேள்வி: யார் விவசாயி?

இதுவரை சொன்னது எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். காவிரி டெல்டாவுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது.

அடையாள எண் பட்டாவிலிருந்து தொடங்குகிறது. பட்டாவில் பெயர் இருப்பவர் விவசாயி. ஆனால் தஞ்சை மண்ணில் பட்டாதாரரும் பயிரிடுபவரும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கோயில் நிலம், மட நிலம், அறக்கட்டளை நிலம் ஏராளமாக உள்ள பகுதி இது. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் என்று பெரிய மடங்கள் இருக்கும் இடம். பட்டா சுவாமி பேரில் இருக்கும். தலைமுறை தலைமுறையாக உழுவது குத்தகைக் குடும்பம். இது போக, வெளியூரில் வேலைக்குப் போனவர்களின் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து நடுபவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது. அறுத்ததும் இத்தனை மூட்டை என்று பேச்சு.

பி.எம். கிசான் இவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இல்லை. நிலம் யார் பேரிலோ அவருக்குத்தான் பணம். புதிய அடையாள எண்ணிலும் குத்தகைதாரரைச் சேர்ப்பது மாநிலங்களின் கொள்கை முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது. நில உரிமையாளர்களைக் கொண்டுதான் பதிவேடு முதலில் கட்டப்படுகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தக் கட்டுரையை போனில் படிக்கும் உங்களில் சிலரே பட்டாதாரராக இருக்கலாம். தாத்தா நிலத்தில் பங்கு வந்திருக்கும். சேற்றில் கால் வைத்து வருஷக்கணக்காகியிருக்கும். உங்களுக்கு விவசாயி எண் கிடைக்கும். உங்கள் வயலில் நாற்று பறித்து நடும் மனிதருக்குக் கிடைக்காது.

இன்றைக்கு அவர் எப்படியோ சமாளிக்கிறார். வி.ஏ.ஓ. அடங்கல் எழுதிக் கொடுத்தால் காப்பீடு கட்டலாம், கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடலாம். அந்த வழியிலும் தகராறு உண்டு, கெஞ்சல் உண்டு. ஆனாலும் நேரில் போய்ப் பேச ஒரு மனிதர் இருக்கிறார். நாளைக்குக் கடன், காப்பீடு, கொள்முதல் மூன்றும் 11 இலக்க எண்ணைக் கேட்கத் தொடங்கினால், எண் இல்லாதவர் யாரிடம் போய்ப் பேசுவார்? ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால் நிவாரணம் பட்டா பெயருக்கா, நட்டவர் பெயருக்கா?

பட்டா வைத்திருப்பவர்களுக்கும் எல்லாம் சுமுகமாக இல்லை. கூட்டுப் பட்டா, இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, ஆதாரில் ஓர் எழுத்தும் சிட்டாவில் வேறு எழுத்துமாக இருக்கும் பெயர் என்று ஊருக்கு ஊர் கதை இருக்கிறது. பழைய ஏட்டில் இருந்த குழப்பம் கணினிக்குள் போனால் தெளிவாகிவிடாது. முன்பு தாலுகா ஆபீஸ் கிளார்க் 'அது இவர்தான்' என்று புரிந்துகொள்வார். கணினி 'பொருந்தவில்லை' என்று சொல்லி நின்றுவிடும்.

பாதுகாப்பு என்றால் திருடன் உள்ளே வராமல் இருப்பது மட்டுமா? உரியவர் வெளியே நிற்காமல் இருப்பதும்தான். 2020-ல் விவசாயி அல்லாத 5.38 லட்சம் பேர் உள்ளே போனார்கள். பட்டாவை மட்டும் பார்க்கும் பதிவேட்டில், உண்மையிலேயே விவசாயம் செய்பவர் வெளியே நிற்கிறார். இரண்டுமே ஒரே பிழையின் இரண்டு முகம்: வயலில் நடப்பதும் திரையில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை.

கம்பெனிகளுக்கு இதில் என்ன வேலை?

அக்ரிஸ்டாக் பற்றிய பழைய சண்டை 2021-ல் தொடங்கியது. அந்த ஆண்டு மத்திய வேளாண் அமைச்சகம் 6 மாநிலங்களில் 100 கிராமங்களுக்கு மைக்ரோசாஃப்ட்டோடு முன்னோட்ட ஒப்பந்தம் போட்டது. அமேசான், பதஞ்சலி தரப்புகளோடும் ஒப்பந்தங்கள் வந்தன. விவசாயிகளைக் கேட்காமல், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே இல்லாத நேரத்தில் இது எதற்கு என்று 55 அமைப்புகள் சேர்ந்து அமைச்சகத்துக்கு எழுதின.

இந்தக் கவலை மிகையா? நெல் விலையை வைத்தே யோசியுங்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கி, மழை மிரட்டும்போது தனியார் வியாபாரி வந்து விலை கேட்பார். உங்களுக்கு எவ்வளவு விளைந்திருக்கிறது, எந்த வங்கியில் எவ்வளவு கடன், எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் பேரம் எப்படிப் போகும்? அதேநேரம், இதே விவரத்தை வங்கி பார்த்து, நகை அடமானம் இல்லாமல் பயிர்க் கடன் கொடுத்தால் அது நல்லதுதானே? விவரம் ஒன்றுதான். யார் பார்க்கிறார், யார் அனுமதித்தார், அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டம் காப்பாற்றுமா?

தனிநபர் உரிமை அடிப்படை உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் சொன்னது. அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே வாக்கில்.

நல்ல பக்கம்: தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டவருக்கு ரூ.250 கோடி வரை அபராதம்.

அடுத்த பக்கம்: மானியம், உதவித்தொகை, சான்றிதழ் கொடுப்பதற்காக அரசு ஏற்கெனவே தன்னிடம் உள்ள விவரங்களை, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சம்மதம் கேட்காமல் பயன்படுத்த சட்டம் இடம் தருகிறது. சில அரசு அமைப்புகளுக்கு அறிவிப்பு மூலம் விலக்கும் கொடுக்கலாம். அபராதப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்ட விவசாயிக்கு வராது. நிறுவனத்தின் அலட்சியத்தால் நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்க தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. ஆக, அரசிடமிருந்து கசிந்த விவரத்தால் கணக்கில் பணம் போனால், ஒரத்தநாட்டு விவசாயி யாரிடம் நஷ்டஈடு கேட்பது என்பதற்கு இந்தச் சட்டத்தில் நேரான பதில் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

• ஆதாரோடு அப்பா, அம்மாவின் சொந்த போன் எண் இணைந்திருக்கட்டும். உங்கள் எண் இருப்பது வசதிதான். ஆனால் அவர்கள் பேரில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும்.

• 'மை ஆதார்' தளத்தில், எப்போது எங்கே ஆதார் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். தெரியாத தேதி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

• விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கே உண்டு. உங்களுக்கு அது நல்லது. ரேஷன் கடையில் ரேகை வைக்க வேண்டிய பெற்றோருக்கு அது தொல்லையாகலாம். யோசித்துச் செய்யுங்கள்.

• நகல் கேட்கும் இடத்தில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுக்கலாம். எந்த நகலிலும் எதற்காக, எந்தத் தேதியில் என்று பேனாவால் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

• வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஏபிகே ஃபைலும் அரசு செயலி இல்லை. 'தவணை நின்னுடும்' என்று மிரட்டினாலும் தொட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

• பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். நேரம் ஆக ஆக மீட்பது கடினம்.

• பதிவு முடிந்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். எந்த சர்வே எண்கள் சேர்ந்திருக்கின்றன என்று சிட்டாவோடு ஒப்பிடுங்கள்.

• குத்தகைக்குப் பயிரிடுபவர் என்றால் அடங்கல் நகல், குத்தகை ரசீது எதையும் தூக்கிப் போட வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் 'குத்தகைதாரருக்கும் எண் வேண்டும்' என்று எழுத்தில் மனு கொடுங்கள். பட்டாதாரராகிய நீங்கள் அதில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு எடை கூடும்.

அரசிடம் என்ன கேட்கலாம்?

பெரிதாக ஒன்றும் இல்லை, நான்கு விஷயம். ஒப்புதல் கொடுக்கும் அதிகாரிக்கும் விவசாயிக்கு இருப்பது போலவே ஓடிபி, ரேகை சோதனை இருக்கட்டும். எந்த லாகினில், எந்த நேரத்தில், எத்தனை ஒப்புதல் என்ற பதிவு வட்டார வாரியாக வெளிவரட்டும். விவசாயியின் கோப்பில் யார் கை வைத்தாலும், யார் பார்த்தாலும், அவர் போனுக்குத் தமிழில் ஒரு மெசேஜ் வரட்டும். பதிவேட்டில் 'உரிமையாளர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'பயிரிடுபவர்' என்று இன்னொரு கட்டம் இருக்கட்டும்.

இதெல்லாம் தஞ்சாவூருக்குப் புதிய கேள்வியும் இல்லை. யார் பயிரிடுகிறார் என்று எழுதி வைப்பதற்காகவே இங்கே பெரிய போராட்டங்கள் நடந்தன. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. 1955-ல் மாநிலம் முழுவதற்குமான குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தனிச் சட்டம். குத்தகைதாரரின் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்ற அன்றைக்கு வழி கண்டோம். எல்லாமே கையால் எழுதிய காலம் அது.

1955 சட்டத்தின் குத்தகைப் பத்திர விதியை ஒருமுறை பார்ப்பது நல்லது. பத்திரம் மூன்று படி எழுத வேண்டும். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று நிலக்காரரிடம், ஒன்று தாலுகா ஆபீசில், மூன்றாவது குத்தகைதாரர் கையில். நடைமுறையில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பது வேறு கதை. ஆனால், தன்னைப் பற்றி எழுதப்பட்டதில் ஒரு படி தன் கையிலும் இருக்க வேண்டும் என்பது அதில் இருந்தது.

இன்றைக்கு முகாமில் லேப்டாப் மூடப்பட்டதும் விவசாயி கையில் என்ன இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு எண் இருக்கும். தன் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? அதை யாரெல்லாம் திறக்கலாம் என்று தெரியுமா? அடுத்த ஓடிபியைச் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.